ஆப்த மித்ரா பயிற்சியும் கிட்டும்: வேலூர்ப் பக்கத்துக்கு எவ்வளவு உதவும்?

ஆப்த மித்ரா என்பது, பேரிடரில் உதவ ஊர்த் தன்னார்வலர்களுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தரும் 12 நாள் பயிற்சி. 18 முதல் 40 வயது வரை சேரலாம், ஏழாவது படித்திருந்தால் போதும். முன்னாள் ராணுவத்தினருக்கு வயதில் தளர்வு உண்டு. கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர் இருக்கிற நம் மாவட்டத்துக்கு இந்தத் தளர்வுதான் பெரிய பலம். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேர்வதற்குள் ஊரை ஒழுங்குபடுத்த, கட்டளைக்குப் பழகிய ஆள் கூடவே இருப்பார்.

தன்னார்வலருக்குத் தரும் கிட்டில் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கம்பூட் (நீளமான ரப்பர் பூட்ஸ்), சோலார் டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் வரும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கியதும், இன்னொருவரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். அப்படியே தண்ணீரில் இறங்கினால் ஜாக்கெட் மேலே போய்விடும், ஆள் கீழே நழுவிவிடுவார். கம்பூட் சேற்றுக்கு மட்டும்தான். ஓடும் நீரில் அது நிரம்பிக்கொண்டால் காலைத் தூக்கவே முடியாது. பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இறங்குவதைவிடக் கரையிலிருந்து கயிறு வீசுவதே மேல். 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை கசியும்போது எல்லோரும் செய்யும் தவறு, மணல் சாக்கை முழுக்க நிரப்பிக் கட்டுவது. உருண்டையாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் இடுக்கு விடும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயை அடியில் மடித்து, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி வைத்து, ஒவ்வொரு வரிசையையும் நன்றாக மிதித்துவிட வேண்டும்.

பயிற்சியின் பெரும்பகுதி தேடல், மீட்பு, முதலுதவிக்கே போய்விடுகிறது. மக்களோடு பேசி வெளியேற்றும் வேலைக்கு இன்னும் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். இடிபாட்டை அகற்றக் கற்றால் மட்டும் அப்படிப்பட்ட உயிர்களைக் காப்பாற்ற முடியாது. ஊறிய மண்சுவரைப் பார்த்ததுமே வீட்டைக் காலி செய்யவைக்கத் தெரிய வேண்டும். மாட்டை எங்கே கட்டுவது, பட்டாவையும் ரேஷன் கார்டையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையில்தான் பலர் நகர மறுக்கிறார்கள். வி.ஏ.ஓ.விடம் பேசி முதலில் மாட்டுக்கு மேட்டு இடம் பாருங்கள், ஆட்கள் பின்னாலேயே வருவார்கள். முகாமில் ரேஷன் கார்டு வாரியாகப் பதிவு செய்து, கர்ப்பிணி, டயாலிசிஸ், இன்சுலின் தேவைப்படுவோருக்குத் தனிப் பட்டியல் போட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்ல வேண்டும்.

வேறு வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகச் சேவை செய்யும் பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி) ஆண்டுதோறும் ஆட்களைத் திரும்ப அழைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆப்த மித்ராவிலும் அப்படி வேண்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே. அப்போதே தன்னார்வலர்களின் செல்போன் எண்களையும் ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துவிடலாம்.