டே-நைட் கண்ணாடி: சேலத்துல பாதி, ஏற்காட்டுல முழுசு

வெயில்ல தானா கருத்து, உள்ள வந்தா தெளியற டே-நைட் கண்ணாடிய மூணு மாசம் போட்டுப் பாத்துட்டுதான் எழுதறேன். பவர் மைனஸ் 2.25, ஃப்ரேம் இல்லாம லென்சுக்கு மட்டும் 3200 ஆச்சு. கடைப் பையன் குட்டி ஊதா டார்ச் ஒண்ண லென்ஸ் மேல அடிச்சான், கொஞ்ச நேரத்துல கருகருன்னு ஆயிடுச்சு, "வெயில்ல போனா இதே மாதிரிதாங்ணா"ன்னான், நானும் நம்பிட்டேன்.

ஆனா ஏப்ரல் மாச மத்தியானம் அஸ்தம்பட்டி சிக்னல்ல நின்னா வரக்காப்பில தண்ணி ஊத்துன மாதிரி ஒரு கலர், அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டான்னு சண்டைக்குப் போற மூட்ல இருந்தேன், அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை பைக்ல ஏற்காடு போனோம். 20 ஊசி வளைவும் முடிஞ்சு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல இறங்குனா, லேசா மேகம் வேற, அந்தக் குளுர்ல லென்ஸ் நல்ல கூலிங் கிளாஸ் கணக்கா கருத்துப் போச்சு. கூட வந்த ஃப்ரெண்டு "எப்படா மாத்துன"ங்கறான்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பிளாஸ்டிக் லென்ஸ்ல நாப்தோபைரான் மாதிரி சாயம் இருக்கும், புற ஊதாக் கதிர் பட்டா அந்த மூலக்கூறுல ஒரு வளையம் பிரிஞ்சு வெளிச்சத்த உறிஞ்சற வடிவத்துக்கு மாறும், அதான் கருப்பு. சூடு பட்டா பிரிஞ்சது தானா மூடிக்கும். நம்ம ஊர் வெயில் ஒரு கையால தொறந்துவிட்டு இன்னொரு கையால மூடிட்டே இருக்கு, அப்பறம் எப்படி கருக்கும்? மேகம் இருந்தாலும் புற ஊதா வந்துரும், குளுர்ல மூடிக்கறதும் மெதுவாத்தான், அதனால மலைல நல்லா வேலை செய்யுது. கடைல ஏசி போட்டு டார்ச் அடிச்சா கருக்காம என்ன பண்ணும்!

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. சேர்வராயன் குகைக் கோயிலுக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சா ஒண்ணுமே தெரியல, குளுர்ல நெறம் போறதுக்கும் லேட் ஆகுது, கடைசில கண்ணாடிய கழட்டிட்டுத்தான் சாமி கும்பிட்டேன் (மைனஸ் 2.25க்கு சாமி எங்க தெரியும்). சேலத்துலன்னா வீட்டுக்குள்ள வந்தா ரெண்டு மூணு நிமிசத்துல தெளிஞ்சிரும்.

இன்னொண்ணு, கார் முன் கண்ணாடியும் ஹெல்மெட் வைசரும் புற ஊதாவ பெரும்பாலும் தடுத்துரும், அதுக்குப் பின்னாடி இது சும்மா வெள்ளைக் கண்ணாடிதான். ஏற்காடு போறப்பவும் நான் வைசர இறக்கிட்டுத்தான் ஓட்டுனேன், பொட்டு கலர் மாறல. கார் ஓட்டறவங்க இத நம்பி வாங்காதீங்க.

எங்க தாத்தா வெச்சிருந்தாரே கனமான போட்டோகிரே கண்ணாடி, அது வேற கதை. 1960கள்ல அமெரிக்கால கார்னிங் கம்பெனி கொண்டு வந்த டைப், கண்ணாடிக்குள்ளயே வெள்ளி உப்பு. இப்ப வர்ற சாயம் ரெண்டு மூணு வருசத்துல தேய ஆரம்பிக்கும்ங்கறாங்க, என்னோடது இன்னும் அந்த ஸ்டேஜுக்கு வரல.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். வீடு ஏற்காட்டுலன்னா நாலரை போட்டுக்கங்க.