திசைகாட்டியா, கையால் வரைந்த ஆற்றுப் படமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்தபோது மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ரோடு முழுக்கத் தென்னை. அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்திருந்தது. டவுன் வடக்கே இருக்கிறது, வடக்கையே பிடித்துப் போனால் சேர்ந்துவிடலாம் என்று வயலோரமாக வண்டியை எடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எதிரே ஆறு. தண்ணீர் ஓடுகிறது, பாலம் இல்லை. மாடு தேடி வந்த பெரியவர் ஒருவர்தான், “இங்க ஏன் வந்தீங்க தம்பி? கரையோட மேற்கால போங்க, ஷட்டர் வரும், வண்டி போவும்” என்றார். ஷட்டர் என்றால் ஆற்றின் குறுக்கே கட்டிய மதகு.

அதற்குப் பிறகு திசைகாட்டி, ஆற்றுப் படம் இரண்டையும் வாங்கிவைத்தேன், இல்லை, ஒன்றை வாங்கினேன், ஒன்றை வரைந்தேன்.

திசைகாட்டி நல்ல பொருள்தான். மேகம் மூடினாலும் வேலை செய்யும், சார்ஜ் கேட்காது. நம் பக்கம் முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு பாகைக்குள்தான், கணக்குப் போட வேண்டியதில்லை. வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள், வண்டியின் இரும்பு முள்ளை இழுக்கும். செல்போனோடு ஒரே பையில் போடாதீர்கள், ஸ்பீக்கர் காந்தம் முள்ளையே கெடுத்துவிடும்.

ஆனால் டெல்டாவில் திசை தெரியாமல் தவிப்பவர் குறைவு. சிவன் கோயிலைச் சுற்றி வந்தால் போதும், கருவறையின் வெளிச்சுவரில் தட்சிணாமூர்த்தி இருக்கும் பக்கம் தெற்கு. நட்சத்திரம் பார்த்து நான் ராத்திரியில் வழி நடந்ததில்லை. துருவ நட்சத்திரம் இங்கே 10, 11 பாகை உயரம்தான், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த அளவு. தென்னந்தோப்பு மறைத்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் மேகமும் சேரும்.

இங்கே சிக்கல் திசை இல்லை, கடப்பு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே எத்தனை வாய்க்கால்! அக்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும், போய்ச் சேர நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எந்த ஷட்டரில் டூ வீலர் போகும், எது வெறும் நடைபாலம், எங்கே மூங்கில் கட்டியிருக்கிறார்கள் என்பதைத் திசைகாட்டி சொல்லாது. வரைபடம் சொல்லும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் இருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதை அடிப்படையாக வைத்து, ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குக் கையால் பெரிதாக வரைந்தேன். ஆறு நீலம், கார் போகும் பாலம் சிவப்பு, டூ வீலர் மட்டும் போகும் ஷட்டர் பச்சை. லேமினேட் செய்து ஒன்று வண்டி சீட்டுக்கு அடியில், ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால். அம்மாவும் படிக்கிறார். திசைகாட்டியை வீட்டில் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

படத்துக்குப் பராமரிப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். மூங்கில் பாலம் ஒரு வெள்ளத்தில் போய்விடும், புதுப் பாலம் வரும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்பதால், அதற்கு முன் தூர்வாரும் நாட்களில் ஆறு காய்ந்து கிடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோடு சுற்றி வந்துவிடுவேன். வருடத்துக்கு அரை நாள் செலவு. வெள்ளம் கரையை உடைத்து வயலெல்லாம் ஒரே தண்ணீராக நின்றால் இந்தப் படம் எவ்வளவு உதவும் என்பதை இன்னும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த நிலையில் திசைகாட்டியும் கூட இருப்பது நல்லது என்றுதான் தோன்றுகிறது.

ஒன்றுதான் முடியும் என்றால் படத்தை வரையுங்கள். போன கோடையில் எங்கள் படத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகளை அழித்து, ஒன்றைச் சிவப்பாக்கினேன்.