நஷ்டஈடு மாதா மாதமா, மொத்தமாகவா? கல்நார் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிக்கு எந்த வழி?

பிரேக் லைனிங் செய்யும் ஆலைகளில் கிரைண்டிங் பிரிவு என்று ஒன்று இருக்கும். அச்சிலிருந்து வரும் லைனிங்கைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் இடம். என் பெரியப்பா அங்கே பத்தொன்பது வருடம் நின்றார். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் காக்கிச் சட்டையைப் பெரியம்மா வாசலில் நாலு தடவை உதறிவிட்டுத்தான் வாளியில் போடுவார். அந்தச் சாம்பல் நிறத் தூசியில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 55 வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிபி என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம்தான் வேறொரு மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எங்கே வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

நஷ்டஈடு என்று தேடிப் போனால் இரண்டு பெரிய கதவுகள் தெரியும். ஒன்று இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இன்னொன்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டுமே சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. நான் இங்கே போடும் கணக்கும் சொல்லும் பிரிவுகளும் பழைய சட்டங்களின்படி.

கல்நாரால் வரும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமா ஆகியவை இரண்டு சட்டங்களின் தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. வித்தியாசம் பணம் வரும் விதத்தில் இருக்கிறது. மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 55 வயதுக்காரருக்கு உழைக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.யில் திறன் முழுக்கப் போனால் சம்பளத்தின் 90 சதவீதம், அதுதான் முழு விகிதம். அதில் 40 சதவீதம் என்றால் மாதம் சுமார் 7,200 ரூபாய், ஆயுள் முழுக்க. இழப்பீட்டுச் சட்டத்தில் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் வரும். அதில் 60 சதவீதம் 9,000. அதை, சட்டத்தின் அட்டவணையில் 55 வயதுக்குக் கொடுத்திருக்கும் காரணி 135.56-ஆல் பெருக்கினால் 12,20,040. அதில் 40 சதவீதம் 4,88,016 ரூபாய், ஒரே தடவை. இ.எஸ்.ஐ. பணம் ஆறு வருடத்துக்குள் இந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

இறப்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இழப்பீட்டுச் சட்டப்படி குடும்பத்துக்கு 10,16,700 ரூபாய் வரும். இ.எஸ்.ஐ.யில் மனைவிக்கு முழு விகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது மாதம் சுமார் 10,800. எட்டு வருடத்துக்குள் அது முந்திவிடும். பெரியம்மாவைப் போல ஐம்பது வயதில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு மாதா மாதம் வரும் பணத்தைத்தான் நான் சொல்வேன். மொத்தத் தொகை வந்த வீடுகளில் அது கடனுக்கும் கல்யாணத்துக்கும் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவச் செலவு வேறு இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை இலவசம். கீமோதெரபி வரை போகிற நோயில் அது சின்ன விஷயம் இல்லை.

மீசோதெலியோமா என்றால் மட்டும் எனக்குத் தயக்கம் வருகிறது. கண்டுபிடித்த பிறகு பலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூடக் கிடைப்பதில்லை. மனைவியும் இல்லை, பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள் என்றால், மாதாந்திரப் பணம் அதிக நாள் வராது. அந்த ஒரு நிலையில் மொத்தத் தொகைக்கு மதிப்பு கூடுகிறது.

ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு, காப்பீடு பெற்றவர் வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்பதைத் தடுக்கிறது. டிரெஹான் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான், உதாரணமாக 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போய் வெளியே வந்தவர்களுக்கு, இரண்டாவது கதவான இழப்பீட்டுச் சட்டம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை: கான்ட்ராக்டர் உங்கள் பெயரைப் பதிவே செய்யவில்லை என்றாலும் இ.எஸ்.ஐ. உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, முதன்மை முதலாளியிடம், அதாவது ஆலையிடம், வசூலித்துக்கொள்ள முடியும். "கார்டு இல்லையே" என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இரண்டாவது கதவில் ஒரு கொடுமை இருக்கிறது. வேலையை விட்டு இரண்டு வருடத்துக்குள் அறிகுறி வந்தால், அது தெரிந்த நாளையே விபத்து நாளாக 1923 சட்டம் எடுத்துக்கொள்கிறது. கல்நார் நோயோ இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வருகிறது. தாமதத்தை மன்னிக்க, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு, கேட்க வேண்டும். வேலையை விட்ட பிறகு வந்த நோயும் அந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபித்தால் இழப்பீடு உண்டு என்ற வரியும் அதே சட்டத்தில் இருக்கிறது. மனுவில் அந்த வரியை எழுதாமல் விடக்கூடாது. ஜெயித்தால் தாமதமான தொகைக்கு 12 சதவீத வட்டி, முதலாளி காரணமின்றி இழுத்தடித்திருந்தால் பாதி வரை அபராதம். இந்த விஷயத்தில் பழைய சட்டத்துக்குப் பல் உண்டு.

மூன்றாவதாக உச்ச நீதிமன்றத்தின் 1995 ஜனவரி 27 தீர்ப்பைச் சிலர் சொல்வார்கள். கல்நார் நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரச் சொன்ன தீர்ப்பு அது. அன்றைக்கு அது பெரிய தொகை. இன்று ஒரு தடவை ஐ.சி.யூ.வில் படுத்து எழுந்தால் கரைந்துவிடும். பணத்துக்காக அந்தத் தீர்ப்பை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அதிலிருக்கும் இன்னொரு உத்தரவுக்காகச் சொல்வேன்: தொழிலாளியின் உடல்நல ஆவணங்களை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வு பெற்ற பின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். மும்பையில் ஒரு கல்நார் ஆலையின் 181 தொழிலாளர்களை மருத்துவர்கள் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 22 சதவீதம் பேருக்கு ஆஸ்பெஸ்டாசிஸ் இருந்தது. தேடிப் பார்த்தால் நோய் கிடைக்கிறது. தேடாவிட்டால் டிபி, ஆஸ்துமா, பீடிப் பழக்கம் என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

பெரியப்பாவுக்காக ஆலைக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம், எக்ஸ்ரேக்களைக் கேட்டு. பதில் வரவில்லை. பீரோவைக் குடைந்ததில் லேமினேட் செய்த பழைய அடையாள அட்டை ஒன்று கிடைத்தது. புகைப்படத்துக்குக் கீழே பிரிவு என்ற இடத்தில் "கிரைண்டிங்" என்று பேனாவால் எழுதியிருந்தது. இ.எஸ்.ஐ. சிறப்பு மருத்துவக் குழுவின் முன்னால் அவர் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.