பறக்கும் ரயில் ஏன் பறப்பதில்லை?

சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி 19 கி.மீ. சொச்சம். பறக்கும் ரயிலில் போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது. அதே பீச்சிலிருந்து தாம்பரம் 29 கி.மீ.; எலக்ட்ரிக் ட்ரெயின் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோவில் 32 கி.மீ., ஒரு மணி நேரம் போல. சராசரி பார்த்தால் தாம்பரம் வண்டியும் மெட்ரோவும் மணிக்கு 30 கி.மீ.க்குச் சற்று மேலே, பறக்கும் ரயில் 25 சொச்சம். பார்க் டவுன் தாண்டியதும் தூண் மேல் ஏறிவிடுகிற வண்டி அது. கேட் இல்லை, எக்ஸ்பிரஸுக்கு வழிவிடும் வேலையும் இல்லை. இருந்தும் கடைசி இடம் அதற்குத்தான்.

முதல் காரணம் ஸ்டேஷன்களின் நெருக்கம். தாம்பரம் பாதையில் சராசரியாக 1.7 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம்; பறக்கும் ரயிலில் 1.1 தான். வண்டி வேகம் பிடித்து முடிப்பதற்குள் பிரேக் போட்டாக வேண்டும். வண்டி மணிக்கு 100 கி.மீ. போகக்கூடியதாக இருந்தாலும், மந்தைவெளிக்கும் கிரீன்வேஸ் சாலைக்கும் நடுவில் அந்த 100 எதற்கு உதவும்?

சரி, மெட்ரோவிலும் 1.3 கி.மீ.க்கு ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அது மட்டும் எப்படி ஈடுகொடுக்கிறது? அதன் உச்ச வேகமே 80 தான். ஆனால் புறப்பட்டதும் விறுவிறுவென்று வேகம் பிடிக்கிறது, அதே மாதிரி சட்டென்று நிற்கிறது. பறக்கும் ரயிலில் ஓடுவதோ தாம்பரம் பாதையில் ஓடும் அதே ரக மின்தொடர் வண்டி. நீண்ட இடைவெளிக்குப் பழகிய அந்த வண்டி நிதானமாகத்தான் கிளம்பும். ஒரு நிறுத்தத்துக்கு 10 வினாடி வீணாகிறது என்று வைத்தாலும், நடுவில் 16 ஸ்டேஷன். கிட்டத்தட்ட 3 நிமிடம் போய்விடுகிறது.

அடுத்தது சிக்னல், இதைப் பலர் கவனிப்பதில்லை. பறக்கும் ரயிலை ஓட்டும் மோட்டார்மேன் மஞ்சள் விளக்கைக் கடந்தால் அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கும் என்று எண்ணித்தான் ஓட்ட வேண்டும். முன்னால் போன வண்டி நகர்ந்து அங்கே பச்சை விழுந்திருக்கலாம்; ஆனால் கண்ணில் படும்வரை அவருக்குத் தெரியாது. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போகலாம், என்ன வேகத்தில் போகலாம் என்ற தகவல் வண்டிக்குள்ளேயே விடாமல் வந்துகொண்டிருக்கும். வீணாக வேகம் குறைக்கிற அவசியம் குறைவு. பறக்கும் ரயிலின் முனையங்களில் நிலைமை இன்னும் மோசம். பாயிண்ட்டில், அதாவது வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், 15 அல்லது 30 கி.மீ.க்கு மேல் போக முடியாது. பீச்சை நெருங்கும்போது நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றுவது அதனால்தான்.

தாம்பரம் பாதையை நான் குறை சொல்ல மாட்டேன். 1931-இல் மீட்டர் கேஜில் மின்சாரம் வந்த பாதை அது. மாம்பலத்திலும் கிண்டியிலும் அந்தக் கூட்டம் ஏறி இறங்கிய பிறகும் அரை நிமிடத்தில் கிளம்பிவிடுகிறது என்றால், கதவு மூடக் காத்திருக்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம். (தொங்கிக்கொண்டு போகிற ஆபத்தும் அதே கதவால்தான்.) 2025-இல் வந்த ஏசி மின்தொடர் வண்டியில் கதவு தானாக மூடும், ஆகவே அந்தச் சலுகை இல்லை.

அப்புறம் காத்திருப்பு. பறக்கும் ரயிலில் ஒன்றைத் தவறவிட்டால் 20 நிமிடம் நிற்க நேரலாம். மெட்ரோவில் அந்தக் கவலை குறைவு, ஆனால் சுரங்க ஸ்டேஷனில் இறங்கி ஏறவே சில நிமிடம் போகும். தாம்பரத்திலிருந்து எழும்பூர் போக எனக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்தான். கிண்டியிலிருந்து சென்ட்ரல் என்றால் காசு கூடினாலும் மெட்ரோ. திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் போக மட்டும் இன்னும் பறக்கும் ரயில்தான்: நிறுத்தங்கள் குறைவு, குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மாலை நேர எல்.பி. சாலை நெரிசலோ கீழேயே நின்றுவிடுகிறது.