வாத்துக்கு ஒயின் கேட்டேன், 348 யூரோவைப் பறித்துக்கொண்டார்கள்

ஒயின் விற்ற இணையதளத்திடமிருந்து நேற்று மாலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்தார்கள், என்ன முடிவு, ஒரு விளக்கமும் இல்லை. என் 348 யூரோவுக்கு அந்த ஒற்றை வரிதான் மிச்சம். பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம்மவர்கள் பலர் விசேஷங்களுக்கு இணையத்தில் ஒயின் வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். வாத்துக்கு எந்த ஒயின், எப்படி வாங்குவது என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு 16 பேரை அழைத்திருந்தோம். மக்ரே, அதாவது கொழுக்க வளர்த்த வாத்தின் நெஞ்சுக்கறியைச் செர்ரிப்பழச் சாறோடு செய்வதாகத் திட்டம். ஒயின் மட்டுமே விற்கும் ஒரு இணையதளத்தில் 'ஆலோசகரிடம் கேளுங்கள்' என்றிருந்ததை அழுத்தினேன்.

அந்த மனிதர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வாத்தை எப்படிச் சமைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் கொன்ஃபி என்றால், அது பிறந்த தென்மேற்குப் பிரான்சின் ஒயின்களே பொருந்தும் என்றார். தனா திராட்சையின் மதிரான், மல்பெக்கின் கஓர். இரண்டிலும் துவர்ப்பு மிகுதி, நாக்கில் படியும் கொழுப்பை அது அறுத்துவிடும். ஆனால் மக்ரேயை உள்ளே சிவப்பு மாறாமல் வாட்டி, செர்ரியோடு பரிமாறினால் அதே துவர்ப்பு பழச்சுவையை நசுக்கிவிடும். அதற்குப் பூர்கோஞ் பகுதியில் பினோ நுவார் திராட்சையில் செய்யும் ஒயின்தான், அதன் புளிப்பும் செர்ரி வாசமும் கறியோடு சேர்ந்து வரும் என்றார். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இப்போதும் மறுக்க மாட்டேன். வயிறு எரிவதே அதனால்தான். பாடத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சரக்கில் ஏமாற்றினார்கள்.

அவர் எடுத்துக் கொடுத்தது பூர்கோஞ்சின் ஜெவ்ரே-ஷாம்பெர்தன் என்ற ஊரில் 2015ஆம் ஆண்டு விளைந்த ஒயின், பாட்டில் 58 யூரோ, 6 பாட்டில்கள். பூர்கோஞ்சுக்கு 2015 நல்ல ஆண்டு என்பது எனக்கும் தெரியும். "வங்கி அட்டையில் கட்டினால் சரிபார்க்க ஐந்து நாள் ஆகும்; நேரடிப் பரிமாற்றம் செய்தால் இன்றே அனுப்பிவிடுவோம்" என்றார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 348 யூரோவை அனுப்பினேன்.

பெட்டி வந்தது. விருந்தன்று காலையில்தான் பிரித்தேன். கோட்டைப் படம் போட்ட லேபிள், பெரிய எழுத்தில் பினோ நுவார், அடியில் எறும்பு எழுத்தில் 'வேன் து பிரான்ஸ்'. பிரான்சில் எங்கே விளைந்த திராட்சையாகவும் இருக்கலாம் என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. ஜெவ்ரே என்ற பெயர் எங்கும் காணோம், ஆண்டும் காணோம். ஒரு பாட்டிலைத் திறந்து சுவைத்தேன். அடிபிடித்த ஜாம்போல இருந்தது. தெருமுனைக் கடைக்கு ஓடிக் கிடைத்ததை வாங்கி வந்து விருந்தை ஒப்பேற்றினோம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "கையிருப்பு தீர்ந்ததால் அதற்கு இணையான ஒயினை அனுப்பினோம்" என்றார்கள். இதுவா இணை? அடுத்தவர் "பாட்டிலைத் திறந்துவிட்டீர்களே" என்றார். திறந்தது ஒன்று, மற்ற ஐந்தும் மூடியபடியே இருக்கின்றன என்று படம் அனுப்பினேன். மூன்றாமவர் 48 மணி நேரம் கேட்டார். ஆறு நாள் ஓடியது. அந்த ஆலோசகரைத் தேடினால் உரையாடலையே அழித்துவிட்டிருக்கிறார்கள். வங்கியில் கேட்டேன், "நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது" என்று கைவிரித்தார்கள்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். தெரியாத தளத்துக்கு நேரடிப் பரிமாற்றம் செய்யவே செய்யாதீர்கள். அட்டையில் கட்டினால் வங்கி மூலம் தகராறு எழுப்பவாவது வழி உண்டு. உரையாடலை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். பெட்டி வந்த நிமிடமே பிரித்து, ஊர்ப்பெயரோடு 'அப்பெல்லாசியோன் கோன்த்ரோலே' (அந்த இடத்துத் திராட்சையில் விதிப்படி செய்தது என்பதற்கான அடையாளம்) என்று லேபிளில் இருக்கிறதா, ஆண்டு சரியா என்று பாருங்கள். பிரான்சில் இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்ப 14 நாள் உரிமை உண்டு. அவர்கள் இழுத்தடிப்பது அந்த நாட்களைத் தின்னத்தான். முடிந்தால் அருகிலுள்ள கடையில், பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

அரசின் சிக்னால்கோன்சோ தளத்தில் இன்று காலை புகார் பதிந்தேன். 348 யூரோவுக்கான ரசீது, லேபிளின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். அந்த ஐந்து பாட்டில்களும் நிலவறையில் அப்படியே இருக்கின்றன.