வளைந்த ஷூ, ரன்னிங் ஷூ, எம்.சி.ஆர். செருப்பு: மாம்பலம் வீட்டில் மூன்று வாரம்

காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி. வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்காதீர்கள் என்றார் டாக்டர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் நான். தோசை வார்ப்பது, மாப் போடுவது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது எல்லாம் என் பங்கு. மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடி. ஆக, காலுக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும். அம்மா நிபந்தனை போட்டார்: "வெளியில போட்டது உள்ள வரக்கூடாது. சாமி அலமாரி பக்கம் எதுவுமே கூடாது."

முதல் வாரம், மச்சினன் எப்போதோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே கிடந்த டோனிங் ஷூ. கம்பெனி பெயர் வேண்டாம். அடிப்பாகம் படகு மாதிரி வளைந்திருக்கும். 1996-ல் ஸ்விட்சர்லாந்தின் எம்.பி.டி. என்ற ஷூ கம்பெனி தொடங்கி வைத்த பாணி இது: பாதம் தள்ளாடினால் தசை கூடுதலாக உழைக்கும் என்பது கணக்கு. 2010-ல் அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சிலுக்காக நடந்த ஆய்வில், சாதாரண ஷூவைவிட இந்த வகை ஷூக்களில் தசை உழைப்போ கலோரி செலவோ சொல்லும்படி கூடவில்லை. விளம்பரத்தில் அளந்துவிட்டதற்காக ரீபாக் 2011-ல் இரண்டரை கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் 2012-ல் நாலு கோடி டாலரும் கொடுத்து சமரசமாயின.

சரி, வீட்டில் எப்படி? அடுப்பு முன்னால் நிற்க மோசமில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே தோசை வார்க்கலாம், குதிகாலுக்கும் இதம்தான். ஆனால் குனிந்து கீழ் ஷெல்ஃபில் பாத்திரம் எடுத்தால் உடம்பு முன்னால் சாய்கிறது. ஈரத் தரையில் ஒருமுறை மாப் குச்சிதான் என்னைக் காப்பாற்றியது. ஆறாம் நாள் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்து ஹால் முழுக்கக் கருப்புத் தூள். பாலியூரித்தேன் நுரைக்கு ஈரக்காற்று ஆகாது; போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். சென்னைக் காற்றில் பல வருஷம் பெட்டியில் கிடந்தது வேறு என்ன ஆகும்?

இரண்டாம் வாரம் ரன்னிங் ஷூ. இருபது லிட்டர் தண்ணி கேனைத் தோளில் வைத்துப் படியேறும்போது இதற்கு ஈடே இல்லை. குதிகாலை இறுக்கிப் பிடிக்கிறது, படி விளிம்பில் வழுக்கவில்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் தொல்லை: குப்பை போடக் கீழே போனால் கழற்று, துடை, திரும்பி வந்து லேஸ் கட்டு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினொரு தடவை. மே மாதச் சமையலறையில் சாக்ஸும் ஷூவுமாக ஒரு மணி நேரம் நின்றால் விரலிடுக்கு ஊறி சேற்றுப்புண் வரும்போல் இருந்தது.

மூன்றாவது எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருவார்களே, அதுதான். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்குச் செருப்பு செய்ய எடுத்துக்கொண்ட நுண்துளை ரப்பர். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதால் புண் வராது என்பது நோக்கம். உடற்பயிற்சி, தசை என்று எந்த வாக்குறுதியும் இல்லை. நான் வாங்கியது 450 ரூபாய், பின்வார் வைத்தது.

நின்று செய்கிற வேலைக்கு இதுவே முதலிடம். வீட்டுக்குள் பின்வாரை மாட்டாமல் மடித்துவிட்டால் கை படாமல் நுழைத்துக்கொள்ளலாம், சாமி அலமாரி வந்தால் உதறிவிட்டுப் போகலாம். வாசலுக்கு வெளியே ஒரு பழைய ஹவாய், உள்ளே இது என்று அம்மாவின் சட்டமும் காப்பாற்றப்பட்டது. குறையும் உண்டு: கேனோடு படியேறப் பின்வாரை மாட்டினாலும் பாதம் பக்கவாட்டில் நழுவுகிறது. அதற்கு மட்டும் ரன்னிங் ஷூவை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நாளாக ஆக இந்த ரப்பர் அமுங்கிப் போகும் என்று கடைக்காரரே சொன்னார்.

மூன்றாம் வாரக் கடைசியில் செருப்பைக் காணோம். தேடினால் அம்மா காலில். "கொஞ்சம் பெரிசா இருக்குடா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்குச் சர்க்கரை இருபது வருஷமாக. நாளை மறுபடி கடைக்குப் போக வேண்டும்; இந்தத் தடவை இரண்டு சைஸ்.