வீட்டுக் கேமராவின் நிர்வாகிக் கணக்கு யாரிடம் இருக்கிறது? ஓர் எச்சரிக்கை

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பேசிய தொகையைக் கொடுத்து முடித்த பிறகு, வேலையில் இருந்த குறைகளைச் சொன்னபோது அவர்கள் எங்களை நடத்திய விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எந்த வேலையிலும் குறை வரத்தான் செய்யும். அதற்காக மட்டும் யாரும் எச்சரிக்கைப் பதிவு எழுத வேண்டியதில்லை. ஆனால், குறை சொல்லும் வாடிக்கையாளரின் வாயை அடைப்பதற்கான பிடி, கேமரா பொருத்திய நாளிலிருந்தே அவர்கள் கையில் இருந்திருக்கிறது. புகார் சொல்லும் வரை அது எங்களுக்குத் தெரியவே இல்லை.

பொருத்தியது 4 கேமராக்கள், கேமராப் படங்களைப் பதிந்துவைக்கும் பெட்டியான டி.வி.ஆர் ஒன்று, அதற்குள் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். 30 நாள் பதிவு இருக்கும், இரவிலும் தெளிவாகத் தெரியும், வெளிக்கதவருகே நிற்பவரின் முகத்தை அடையாளம் காணலாம் என்று விலைப்பட்டியலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது இரவுப் படம். வாசலைப் பார்க்கும் கேமரா பகல் முழுவதும் ஒழுங்காக இயங்கும். இருட்டத் தொடங்கியதும் படம் கறுத்துப்போய், சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து, மறுபடியும் கறுத்துவிடும். விடியும் வரை இதே கதைதான். இதைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே பழைய பதிவு ஒன்றைத் தேட வேண்டிவந்தது. ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவு எதுவுமே டிஸ்க்கில் இல்லை. வெளிக்கதவருகே நின்றவரின் முகமோ, படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறியது.

தொலைபேசியில் முதலில் கிடைத்த பதில், “உங்க இன்டர்நெட் சரியில்லை மேடம், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பது. பதிவு நடப்பது வீட்டுக்குள் இருக்கும் டி.வி.ஆரின் டிஸ்க்கில். இணைய இணைப்பை அடியோடு பிடுங்கிவிட்டாலும் பதிவு நிற்காது. வெளியூரிலிருந்து கைபேசியில் பார்ப்பதற்கும் எச்சரிக்கைச் செய்தி வருவதற்கும்தான் இணையம் வேண்டும். இதை நான் சொன்னதும், வாசலில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் டிஸ்க் சீக்கிரம் நிரம்புகிறது என்று காரணம் மாறியது. அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி அமைத்திருந்தால் அது ஓரளவு பொருந்தும் காரணம். எங்கள் டி.வி.ஆரோ 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்யும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிகாபைட் ஆகும். நான்கு கேமராக்களுக்கு 170 ஜிகாபைட்டுக்கு மேல். 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. 30 நாளுக்கு 5 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் சுருக்கியோ, அசைவுப் பதிவுக்கு மாற்றியோ நாள்களை நீட்டிக்கலாம் என்பது உண்மைதான். அதையும் அவர்கள் செய்யவில்லை. இந்தப் பெருக்கல் கணக்கு தெரியாமல் ஒருவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது என்பதால், 30 நாள் என்று எழுதியதை நான் கவனக்குறைவாகக் கருதவில்லை.

மூன்றாவதாக அவர்கள் சொன்ன பதிலில்தான் விஷயமே வெளிவந்தது. இரவில் படம் போகிறது என்பதை நம்ப மறுத்த நிறுவனப் பணியாளர், பேசிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: “இங்க எங்களுக்கு நல்லாத்தானே மேடம் தெரியுது. வாசப்படிப் பக்கத்துல சைக்கிளைச் சாத்தி வெச்சிருக்கீங்க, அதோட சக்கரக் கம்பியைக்கூட எண்ணலாம் போல.” சைக்கிள் அங்கேதான் இருந்தது. அவர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தான் சொன்னதில் ஏதும் தவறு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு அதிக அச்சத்தைக் கொடுத்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல நிறுவனங்களின் கருவிகளில், டி.வி.ஆரின் வரிசை எண்ணைக் கைபேசிச் செயலியில் முதலில் சேர்க்கும் கணக்கே உரிமையாளர் கணக்கு ஆகிறது. மற்றவர்கள் அந்தக் கணக்கு பகிர்ந்து கொடுத்தால்தான் பார்க்க முடியும். எவ்வளவு பார்க்கலாம், என்னென்ன மாற்றலாம் என்பதையும் உரிமையாளர்தான் தீர்மானிக்கிறார். எங்கள் வீட்டுக் கருவியை நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, எங்கள் கைபேசிகளுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்திருந்தது. வேலை முடிந்த அன்று செயலியைத் திறந்து, நான்கு படங்களையும் காட்டி, “எல்லாம் ரெடி மேடம்” என்றார்கள். படம் வருகிறது, அவ்வளவுதானே யாரும் பார்ப்பார்கள்? எங்கள் வீட்டுக் கேமராவுக்கு நாங்கள் விருந்தாளிகளாக இருந்தோம். கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பினாலும், உரிமையாளர் கணக்கிலிருந்து விடுவிக்காத வரை வேறு கணக்கில் சேர்க்க முடியாதபடிதான் இத்தகைய கருவிகள் பலவற்றின் அமைப்பு இருக்கிறது. கருவி திருடு போனால் திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

இந்த உரிமையாளர் கணக்கை, அதாவது நிர்வாகிக் கணக்கை, எங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டோம். சர்வீஸ் செய்ய அது தங்களிடம்தான் இருக்க வேண்டும், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். வற்புறுத்தியபோது, மாற்றினால் வாரண்டி செல்லாது என்றார்கள். மேலும் வற்புறுத்தியபோது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தால் பரிசீலிக்கலாம் என்ற பதில் வந்தது. அதாவது, இரவில் அணையும் கேமராவைப் பற்றிய புகார் அப்படியே கிடக்க, பேச்சு முழுவதும் நாங்கள் இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதாக மாறிப்போயிருந்தது. வேறொருவரை அழைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றால், நிர்வாகிக் கடவுச்சொல் இல்லாமல் அவராலும் டி.வி.ஆரின் அமைப்புகள் எதையும் தொட முடியாது. இதைத்தான் பிடி என்று தொடக்கத்தில் சொன்னேன்.

நிறுவனத்தின் ஆள் பார்த்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பெரிய பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் பணியாளர், கேமரா பொருத்தப் போன வீடுகளின் கணக்குகளில் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவைத்து, நாலரை ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 200 வாடிக்கையாளர்களின் வீடுகளை 9,600 முறைக்கு மேல் பார்த்ததாக 2021 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சோதித்துப் பார்ப்பதற்காகத் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று சிலரிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்களிடம் சொல்லாமலே செய்திருக்கிறார். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எங்களுக்கு வந்த நிறுவனத்தினர் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய நினைத்தால் தடுக்க எதுவும் இருக்கவில்லை என்கிறேன்.

இதற்கிடையில், யாரும் வந்து பார்க்காமலே “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தொடர்ந்து வந்த அழைப்பில் ஒரு பெண், கைபேசிக்கு வந்திருக்கும் உறுதி எண்ணை (ஓ.டி.பி.) சொல்லும்படி கேட்டார். எதற்கு என்றால், பழைய புகாரை மூடினால்தான் புதிய புகாரைப் பதிய முடியுமாம். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் மூடப்படாத புகார்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், அவ்வளவே. அந்த எண்ணை நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், வேலை திருப்தியாக முடிந்தது என்று நாங்களே சொன்னதாகப் பதிவாகியிருக்கும். நண்பர் ஒருவர் இதே போன்ற எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் புகார் கொடுத்தபோது, ‘வாடிக்கையாளர் ஒப்புதலுடன் மூடப்பட்டது’ என்ற ஒற்றை வரியைத்தான் பதிலாகப் பெற்றார். வேலை முடிந்து, சோதித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டுமே அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியில் கருவியைத் தயாரித்த நிறுவனத்தையே அணுகினோம். டி.வி.ஆரின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் படத்தையும், அதே எண் குறிப்பிடப்பட்டிருந்த பில்லையும் அனுப்பிய பிறகு, பழைய கணக்கிலிருந்து கருவியை விடுவித்துக் கொடுத்தார்கள். பில்லில் வரிசை எண் இருந்தது எங்கள் நல்ல காலம்; ‘கேமரா செட் ஒன்று’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது.

அதன் பிறகு வேறொரு டெக்னீஷியன் வந்தார். டி.வி.ஆரின் கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், பழைய நிறுவனத்தின் பெயரோடு 123 சேர்த்துத் தட்டினார், திறந்துகொண்டது. அவர்கள் போகும் வீடுகளில் எல்லாம் அதையேதான் வைக்கிறார்கள் என்று அவர் சொன்னதை நம்புவதில் எனக்குத் தடையில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் கைப்பற்றியது, மாற்றப்படாமல் கிடந்த ஆரம்பக் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான்.

இரவில் அணையும் கேமராவுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் மிகக் குறைவு. ஏணியில் ஏறி, கேமராவுக்குள் போகும் மின்வயரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11க்குச் சற்று மேல் காட்டியது. பிறகு கேமராவின் முகப்பில் லென்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒளி உணரியைக் கட்டைவிரலால் மூடினார். இருட்டிவிட்டது என்று எண்ணிய கேமரா அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டது, மீட்டரில் எண் 9க்குக் கீழே சரிந்தது, படம் போய்விட்டது. விரலை எடுத்ததும் கேமரா உயிர்பெற்றது. வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். செம்பு பூசிய அலுமினிய வயரின் மின்தடை, அதே தடிமனுள்ள செம்பு வயரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீண்ட தூரம் இழுத்தால் போகும் வழியிலேயே மின்னழுத்தம் விழுந்துவிடும். விளக்குகள் அதிக மின்சாரம் கேட்கும் இரவில்தான் அது தெரியவரும்.

முகம் தெரியாததற்குக் காரணம் இன்னும் எளியது. பொருத்தியிருந்தது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். பரந்த காட்சிக்கு ஏற்றது. 1920 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தை அது 10 மீட்டர் தூரத்தில் 20 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் பரப்பிவிடுகிறது; ஒரு மீட்டருக்கு 100 புள்ளிகூடத் தேறாது. அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்றது, கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 62676-4இன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் குறுகிய கோணமுள்ள லென்ஸ் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

முதல் அழைப்பிலேயே ஒருவரை மீட்டரோடு அனுப்பி, வயரை மாற்றிக் கொடுத்து, டிஸ்க்கைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தால், நான் இந்த நிறுவனத்தை நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருப்பேன். அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவைவிட, எங்களைச் சமாளிக்க அவர்கள் செலவழித்த நேரத்தின் மதிப்பு அதிகமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

புதிதாகப் பொருத்துபவர்கள், தொகையில் ஒரு பகுதியை இரண்டு இரவுகள் கடந்த பிறகே தருவதாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி.ஆரைச் செயலியில் முதன்முதலாகச் சேர்ப்பது உங்கள் கைபேசியில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். சர்வீஸுக்கு வருபவருக்கு வேண்டுமானால் தனிப் பயனர் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். எல்லாக் கருவிகளின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். வயர் முழுச் செம்பு என்று விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

ஏற்கெனவே பொருத்தி முடித்தவர்கள், செயலியில் கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது யார் யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும், டி.வி.ஆரிலேயே இருக்கும் பயனர் பட்டியலையும் இன்றே பாருங்கள். அறியாத பெயர் இருந்தால் நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். ‘பகிரப்பட்ட கருவி’ என்று காட்டி, அந்தப் பட்டியலையே திறக்க விடாவிட்டால், உரிமையாளர் கணக்கு வேறு யாரிடமோ இருக்கிறது. பில்லை எடுத்து வைத்துக்கொண்டு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.